மரியாளுக்கு உடலாவது கிடைத்தது

2025 ஏப்ரல் 21ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலமான செய்தி வந்ததும் என்னுடைய வட்ஸ்அப் முழுக்க மடுப் படங்கள். "எங்கட மண்ணுக்கும் வந்தவர்" என்று எழுதாத ஆள் இல்லை. நானும் ஒரு படம் போட்டேன். அம்மம்மாவிடம் காட்டினேன். அவ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வந்தவர்தான். ஆனா எங்களை ஆர் அவருக்குக் காட்டினது?" என்று கேட்டா. இதை எழுதுவது அந்தக் கேள்வியால்தான்.

2015 ஜனவரி 14. எனக்கு அப்ப பதினொரு வயது. காலையில் கொழும்பு காலிமுகத்திடலில் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்துவிட்டு, பின்னேரம் ஹெலிகொப்டரில் பாப்பரசர் மடுவுக்கு வந்தார். 1970இலும் 1995இலும் இரண்டு பாப்பரசர்கள் இலங்கைக்கு வந்திருக்கினம். வடக்கை எட்டியும் பார்க்கவில்லை. அதனால் அது பெரிய நாள்தான், மறுக்கவில்லை.

அம்மம்மா தன்ர பாக்குக்குள்ள மாமாவின்ர பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தா. 2009 மே மாதத்துக்குப் பிறகு மாமாவைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. படத்தை எப்படியாவது காட்டிவிடலாம் என்று நினைத்தா. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பாப்பரசர் ஒரு வெள்ளைப் புள்ளி. படம் பாக்கோடயே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. தலைமை அலுவலகத்தில் இருந்து பெரியவர் வந்தால் கிளை அலுவலகம் என்ன செய்யும்? சுவருக்குப் பெயின்ற் அடிக்கும். முறைப்பாட்டுப் புத்தகத்தை லாச்சிக்குள் வைக்கும். யார் கை குலுக்குவது, யார் பூ கொடுப்பது எல்லாம் முதலே எழுதியிருக்கும். சமயத் தலைவர்களின் வெளிநாட்டுப் பயணங்களும் அப்படித்தான். அரசும் உள்ளூர்த் திருச்சபையும் சேர்ந்து போட்ட நிகழ்ச்சி நிரலுக்குள்தான் விருந்தாளி நடப்பார்.

அன்று மடுவில் அவர் பேசியது சின்ன உரை. போரில் துன்பப்பட்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன என்றார். 2008இல் மாதா சொரூபம் கோயிலை விட்டு வெளியேறிய நாளை நினைவுபடுத்தினார். பிறகு, மரியாள் தன் மகனைக் கொன்றவர்களைச் சிலுவையடியில் மன்னித்தாள், அவனுடைய உயிரற்ற உடலைக் கையில் ஏந்தினாள், அதேபோல இலங்கையரையும் அவள் நல்லிணக்கத்துக்கு வழிநடத்த விரும்புகிறாள் என்ற கருத்தில் சொன்னார்.

அந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மரியாளுக்கு உடலாவது கிடைத்தது. யார் கொன்றது, எங்கே கொன்றது, எங்கே அடக்கியது என்று அவளுக்குத் தெரியும். எங்கட அம்மம்மாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. தெரியாத ஆளை எப்படி மன்னிக்கிறது? பிள்ளை இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவவிடம் மன்னிப்பைக் கேட்பது கணக்கைக் காட்டாமல் கையெழுத்துக் கேட்பது மாதிரி.

கணக்கே இல்லையென்றும் சொல்ல முடியாது. அன்றைக்கு மன்னார் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் அரசாங்கத்தின் புள்ளிவிபரங்களையே வைத்துக் கேட்டவர். வன்னியில் 429,059 பேர் இருந்தார்கள், அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தது 282,380 பேர், மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? இன்றுவரை பதில் இல்லை.

ஒரு குருவானவரின் கதையும் இருக்கிறது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். 2009 மே மாதம், குண்டுகளுக்கு நடுவிலிருந்து அப்போதைய பாப்பரசருக்கே கடிதம் எழுதியவர். மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு இராணுவத்திடம் போனவர். பிறகு அவரைக் காணவில்லை. ஆறு வருசத்தால் இன்னொரு பாப்பரசர் மடுவரைக்கும் வந்தார். அந்த உரையில் இந்தக் குருவின் பெயர் இல்லை. சொந்தக் குருவின் பெயரையே உச்சரிக்க இடம் இல்லாத நிகழ்ச்சி நிரலில் என்ர மாமாவுக்கு எங்கே இடம்?

"சமயத் தலைவர் அரசியல் கதைக்கக் கூடாது" என்று சிலர் வருவினம். முதல் நாள் கட்டுநாயக்காவில், புது ஜனாதிபதியின் முன்னால், உண்மையைத் தேடவேண்டும் என்று இதே பாப்பரசர் சொன்னவர்தான். நல்ல விசயம். அதை மடுவில் அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். 2018இல் மனித உரிமையை மேற்குலகின் புதிய மதம் என்று சொன்ன கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, 2022 மார்ச்சில், ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையில் நீதி கேட்டார். போனது பிழையில்லை, போகத்தான் வேணும். கட்டுவாப்பிட்டியில் செத்த பிள்ளைக்கு நீதி வேணும். முள்ளிவாய்க்காலில் தொலைந்த பிள்ளைக்கு மட்டும் ஏன் செபம் போதும்?

வேறு மாதிரியும் செய்யலாம் என்று பிரான்சிஸே காட்டியிருக்கிறார். கனடாவின் வதிவிடப் பாடசாலைகளில் பாதிக்கப்பட்ட பூர்வகுடிகளை 2022இல் முதலில் வத்திக்கானுக்கு அழைத்துக் கேட்டார். ஜூலையில் கனடாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு போதாது என்றும் அங்கே ஆட்கள் சொன்னார்கள், சொல்ல உரிமையும் உண்டு. ஆனால் ஒழுங்கைப் பாருங்கள்: முதலில் கேட்டது, பிறகுதான் போனது.

நாங்கள் கேட்பதும் அதைத்தான். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தாய்மார் வீதியில் இருக்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். இனி எந்தச் சமயத்தின் எந்தப் பெரியவர் வந்தாலும், மேடைக்கு ஏற முதல் அந்தக் கொட்டிலில் ஒரு மணித்தியாலம் இருக்கட்டும். பேச வேண்டாம். படங்களைப் பார்க்கட்டும்.

அம்மம்மாவின் பாக்குக்குள்ள அந்தப் படம் இன்னும் கிடக்கு. இப்ப ஓரம் மஞ்சளாயிட்டுது. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகேக்கயும் அவ அதைக் கொண்டுதான் போறா.