வண்டியை விட்ட வாப்பா

ஆத்தூர் வாசகர்களே, முதுமையால் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்ட உங்கள் வாப்பா இப்போது எப்படி வெளியே செல்கிறார்? உம்மாவுக்குக் கவலையில்லை, 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வாப்பாவுக்கு அது இல்லை. 60 வயது கடந்தோருக்கு மாதம் 10 இலவசப் பயணங்கள் தரும் 2016ஆம் ஆண்டுத் திட்டம் சென்னைவாசிகளுக்கே உரியது. இரயில் கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது; கீழ்ப்படுக்கை முன்னுரிமைதான் மிச்சம்.

கட்டணத்தைவிடக் கடினமானது, மகனிடம் ஒவ்வொரு முறையும் கேட்பது. கேட்கமாட்டார், மருத்துவரிடம் செல்வதையே தள்ளிப்போடுவார். (நம் வாப்பாமார்களின் பிடிவாதம் நாமறிந்ததே!) எனவே தெரிந்த ஆட்டோக்காரரிடம் மாதக் கணக்குப் பேசிப் பணத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். ஜும்ஆவுக்கோ, தூத்துக்குடியில் மகள் வீட்டுக்கோ, எங்கே, எப்போது என்பதை அவரே ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொள்ளட்டும்.