விதியில் விடுபட்ட வடிநீர்

ஈரநிலங்களில் எவற்றைக் கலக்கக் கூடாது என்பதை மத்திய அரசின் 2017-ம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் பட்டியலிடுகின்றன. ஆலைகள், நகரங்கள், கிராமங்கள், குடியிருப்புகள் ஆகியவற்றின் சுத்திகரிக்கப்படாத கழிவுகளுக்குத் தடை உண்டு. வயல்களிலிருந்து வடிந்துவரும் நீரைப் பற்றி அந்தத் தடையில் ஒரு சொல்கூட இல்லை.

அந்த நீர் என்ன செய்யும் என்பதை அமெரிக்கா பட்டறிந்து நாற்பது ஆண்டுகளாகின்றன. கலிபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்கில் பாசன வடிநீரை வெளியேற்ற வெட்டப்பட்ட கால்வாய் பாதியில் நின்றுபோக, நீர் கெஸ்டர்சன் பறவைகள் புகலிடத்தின் குளங்களில் விடப்பட்டது. மண்ணில் இயற்கையாகவே இருந்த செலினியம் பாசன நீரில் கரைந்து வந்து, பாசியிலும் பூச்சியிலும் மீனிலும் படிப்படியாகச் செறிந்தது. 1983-ல் கண்ணும் அலகும் சரிவர உருவாகாத குஞ்சுகள் கண்டறியப்பட்டன. கடைசியில் கால்வாயை அடைத்து, 1988-ல் பள்ளங்களை மண் கொட்டி மூட வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் அங்கே ஆலைக்கழிவு காரணமல்ல, உழவுதான்.

அயல்நாட்டுச் சங்கதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதிகளில் சிவாலிக் குன்றுகளின் ஓடைகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணில் செலினியம் மிகுந்திருப்பதை, 1980-களிலேயே பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தினர் ஆராயத் தொடங்கிவிட்டனர். அங்கு விளைந்த தீவனத்தைத் தின்ற கால்நடைகளுக்கு முடி உதிர்ந்தது, குளம்பு பிளந்தது. நிலத்தடி நீரை இறைத்து நெல் பயிரிட்டது நிலைமையை மேலும் மோசமாக்கியது.

இதற்காக உழவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. அவர் நீர் இறைத்தது அரசு இலவசமாகக் கொடுத்த மின்சாரத்தில். பயிரிட்டது அரசே கொள்முதல் செய்யும் நெல்லை.

இப்பகுதியின் வடிநீர் போய்ச் சேரும் சத்லஜ் ஆறு, பியாஸுடன் கலக்கும் இடத்தில்தான் 1990 முதல் ராம்சர் பட்டியலில் உள்ள ஹரிகே ஈரநிலம் இருக்கிறது. ஹரிகே இன்னொரு கெஸ்டர்சன் என்பது மிகை. இரு பெரும் ஆறுகளின் நீர் அதற்கு உண்டு. வழியில் தேங்கி நிற்கும் குளம் குட்டைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

2024 பிப்ரவரியில் நீர் மாசுத் தடுப்புச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. சில குற்றங்களுக்குச் சிறைத் தண்டனைக்குப் பதில் அபராதம் என்பதே அதன் சாரம். வயல் வடிநீரை அது தொடவே இல்லை.

இரு மாவட்டங்களின் வடிகால்களிலும் அவை சேரும் ஈரநிலங்களிலும் செலினியத்தை ஆண்டுதோறும் அளந்து முடிவுகளை வெளியிட வேண்டும். நீரை மட்டும் சோதித்தால் போதாது. மீனையும் பறவை முட்டையையும் சோதிக்க வேண்டும். 2017 விதிகளில் வடிநீரைச் சேர்க்க மசோதாகூடத் தேவையில்லை. சுற்றுச்சூழல் அமைச்சகம் அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டாலே போதும்.