ஆளற்ற மலை என்னும் கட்டுக்கதை: இரத்தோட்டையை முன்வைத்து ஒரு மறுப்புரை

ஒரு நிலத்தைப் பற்றிய அபிப்பிராயம் இருவழியாற் பிறக்கும். அங்குச் சென்று மீள்வோர் கூறுவது ஒன்று. அங்கே பிறந்து, உழைத்து, மடிவோர் கூறுவது மற்றொன்று. முன்னையது அச்சேறுகின்றது, படமாகின்றது, பாராட்டும் பெறுகின்றது. பின்னையதோ லயத்து வாசலிலும் பிரட்டுக்களத்திலும் பேசப்பட்டு அவ்விடத்தே அடங்கிவிடுகின்றது. இலங்கையின் மலைநாட்டைப் பற்றிப் படித்தோர் கொண்டுள்ள கருத்துகளிற் பெரும்பாலானவை முதல் வழியாற் பிறந்தவை. அவற்றுள் மிகப் பரவலானதும் மிகத் தவறானதும் 'ஆளற்ற மலை' என்னும் கருத்தேயாகும்.

மாத்தளை நகரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் வீதி இரத்தோட்டைக் கடைத்தெருவைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறி, நக்கிள்ஸ் மலைத்தொடரின் ரிவஸ்டன் கணவாயை அடைகின்றது. முகிலும் குளிருமாக ஏறும் பயணம், கணவாயைக் கடந்ததும் லக்கலைப் பக்கத்து உலர்ந்த காற்றுக்குள் இறங்குகின்றது. பம்பரகிரி நீர்வீழ்ச்சியும், காற்றின் கடுமையாற் குறுகிப்போன மரங்களும், பிட்டவலைப் புற்றரையும் காண்போர் உள்ளத்தைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் விடுமுறை நாளில் வருவோர் கூறும் தீர்ப்புகள் மூன்று. 'சனமில்லாத இடம், ஆகவே சொர்க்கம்' என்பது முதலாவது. 'பார்த்து வரலாம், குடியிருக்க இயலாது' என்பது இரண்டாவது. 'எஞ்சியுள்ள மனிதரும் அகன்றாற்றான் மலை பிழைக்கும்' என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அவ்வேர் அறியாமையாயின் மன்னிக்கலாம். ஆயின் அது வசதியின் பொருட்டு வளர்க்கப்பட்ட மறதி என்பதே இங்குள்ள குற்றச்சாட்டு.

முதலில், சனமின்மை என்னும் கூற்றை எண்ணிக்கையால் அளந்து பார்க்கலாம். உலகில் உண்மையாகவே சனநெருக்கம் குறைந்த நிலங்கள் உள. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கிலுள்ள வயோமிங் மாநிலம் ஏறத்தாழ 253,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 577,000 பேர். மாத்தளை மாவட்டத்தின் பரப்பு 1,993 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அதன் மக்கள் 484,531 பேர். வயோமிங்கின் நூற்றிருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த நிலத்தில், அம்மாநிலத்தவரின் தொகைக்குச் சற்றே குறைந்த மக்கள் வாழ்கின்றனர். கணவாய்க்கு அப்பாலுள்ள லக்கலைப் பகுதியில் மக்கள் அருகியே வாழ்கின்றனர் என்பது உண்மையே. எனினும் இரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டனுக்கு ஏறும் பயணி, கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்களையும், மிளகும் கிராம்பும் உலரும் முற்றங்களையும், பாடசாலை விட்டு மலையேறி வீடு திரும்பும் பிள்ளைகளையும் கடந்தே செல்கின்றான். கடந்து சென்ற பின்னர் 'ஆளில்லை' என்கின்றான். அவன் கண்ணுக்கு அவர்கள் காட்சியின் ஒரு பகுதி, குடிகள் அல்லர்.

வயோமிங்கின் வரலாறும் ஒரு பாடம் புகட்டும். 1872இல் நிறுவப்பட்ட யெலோஸ்டோன் தேசியப் பூங்காவின் பெரும்பகுதி அம்மாநிலத்திலேயே உள்ளது. அது மனிதர் கால்படாத இயற்கை என உலகிற்குக் காட்டப்பட்டது. ஆயின் சொசோனி முதலிய பழங்குடியினர் நெடுங்காலமாக அங்கு வேட்டையாடி வாழ்ந்தவர்கள். அவர்கள் அகற்றப்பட்ட பின்னரே அந்நிலம் 'கால்படாததாக' ஆயிற்று. வெறுமை சில இடங்களில் இயற்கையின் கொடை. பல இடங்களில் அது மனிதரின் ஆணையால் விளைந்தது.

மாத்தளை மலைகளில் அவ்வாணைக்கு இலக்கமும் ஆண்டும் உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும், குடியற்றதும் பயிரிடப்படாததுமான நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை எனக் கொண்டது. சிங்களக் குடியானவன் ஒரு துண்டில் சேனைப்பயிர் செய்து, பின்னர் மண் ஆறும்பொருட்டு அதனைப் பல ஆண்டு விட்டுவைப்பான். அவனுக்கு அது ஓய்வெடுக்கும் வயல். ஆங்கில அதிகாரியின் கண்ணுக்கு அது வெறுங்காடு. வயலைக் காடென்று பெயர்மாற்றியதோடு காணி கைமாறிற்று. கோப்பித் தோட்டம் எழுந்தது. 1848இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகள் உடனடிக் காரணமாயின. நிலமிழந்தோரின் வெறுப்பும் அதனோடு சேர்ந்திருந்தது. இன்று பயணி சொல்லும் 'ஆளில்லா இடம்' என்னும் சொல், அன்று அதிகாரி எழுதிய 'தரிசு நிலம்' என்னும் சொல்லின் பேரப்பிள்ளை.

வெறுமையென அறிவிக்கப்பட்ட அந்நிலத்தில் உழைக்க வந்தோரின் கதை தமிழ் வாசகர் அறிந்ததே; ஆயினும் மாத்தளைக்கு அதில் ஒரு தனியிடம் உண்டு. தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டுவழியே தம்புள்ளையூடாக நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர் எத்தனை பேர் என்பதை எக்கல்லும் கூறாது. எஞ்சியோர்க்கு மாத்தளையே மலைநாட்டின் வாயிலாயிற்று. இரு நூற்றாண்டு நிறைவை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி, ஆகஸ்ட் 12இல் மாத்தளையிலேயே நிறைவுற்றமை இக்காரணம்பற்றியேயாகும். 1869 முதல் பரவிய இலைநோயால் கோப்பி அழிந்தது. தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் அதனிடத்தைப் பிடித்தன. பயிர் மாறிற்று, உழைத்தோரின் நிலை மாறவில்லை.

அம்மக்களையும் எண்ணிக்கையிலிருந்து அழிக்கச் சட்டமே மீண்டும் துணைநின்றது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டோரின் விருப்பம் எவராலும் கேட்கப்படவில்லை. 1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்கள் மேலும் பல குடும்பங்களை வன்னிக்கும் தமிழகத்துக்கும் விரட்டின. 1983 ஜூலையில் மாத்தளை நகரும் தீக்குத் தப்பவில்லை. நாடற்றவராய் எஞ்சியோர்க்கு முழுமையாகக் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. இத்தனைக்கும் பின்னர் ஒருவன் மலையுச்சியில் நின்று 'என்ன அமைதி!' என வியப்பானாயின், அவ்வமைதியின் ஒரு பகுதி அனுப்பப்பட்டோரின் அமைதி என்பதை அவன் அறிதல் வேண்டும்.

இனி இரண்டாவது தீர்ப்பு. 'பார்த்து வரலாம், குடியிருக்க இயலாது' என்பதில் ஓர் உண்மை உண்டு. மலைநாட்டுத் தோட்ட வாழ்வு கடினமானது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்தறையில் மூன்று தலைமுறை ஒன்றாய் உறங்குவதைப் பெருமைக்குரிய வாழ்வென எவரும் கூறார். ஆனால் அக்கடினத்துக்கு மலையா காரணம்? மழையும் குளிரும் அட்டையும் துரைமார் பங்களாவுக்கும் இருந்தன. அங்கே வாழ்வு இயலாததாக இருக்கவில்லை. லயத்தவனுக்கு இல்லாதது நல்ல தட்பவெப்பமன்று, காணி உறுதி. தலைமுறைகளாய் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் அக்கூரை அவனுடையதன்று. தோட்டங்கள் பலவற்றில் அவனுக்கென ஒரு தனி முகவரிகூட இல்லை. கடிதமும் தோட்ட அலுவலகத்தின் வழியே வந்தாகவேண்டும். 1972, 1975 ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அத்தோட்டங்களை உருவாக்கியவர்க்கு அவை நிலம் வழங்கவில்லை. தனிவீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்னும் கொள்கை 2015இன் பின்னரே உருப்பெற்றது. அதன் பயனும் பலரை இன்னும் எட்டவில்லை.

ஆகவே இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்து இளைஞன் கொழும்புக் கடையொன்றில் வேலைக்குச் செல்வதை, மலை வாழத்தகாதது என்பதற்குச் சான்றாகக் காட்டுதல் நேர்மையன்று. அவன் செல்வது குற்றமன்று. செல்லும் உரிமை எவர்க்கும் உண்டு. தங்கும் உரிமை மறுக்கப்பட்டவனின் புறப்பாட்டை விருப்பம் என்று பெயரிடுவதே குற்றம்.

மூன்றாவது தீர்ப்பு அறிவியலின் ஆடையணிந்து வருவதால் மிகுந்த கவனத்துக்குரியது. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000இல் பாதுகாப்பு வனமாக்கப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இவை வரவேற்கத்தக்கன. மகாவலியின் கிளையாறுகள் பலவற்றுக்கு அக்காடே தாய். காட்டு மரநிழலிற் செய்யப்பட்ட ஏலக்காய்ச் செய்கை கீழ்ச்செடிகளை அழித்ததும், ஏலத்தை உலர்த்த விறகு வெட்டப்பட்டதும் மறுக்கவொண்ணாதவை. எனினும் வழக்கு முழுமையாக விசாரிக்கப்படல் வேண்டும். கோப்பிக்கும் தேயிலைக்குமாக மலைச்சரிவுகளை மொட்டையடித்தது பெருமுதல். ஏலக்காய்க் கொல்லையில் கூலிக்கு நின்றவன் அல்லன். கணவாய்க்கு அப்பால் களுகங்கை நீர்த்தேக்கத்தின் கீழ்ப் பழைய பல்லேகமை நகரை ஆழ்த்தியது அரசின் திட்டம், சேனைக்காரன் அல்லன். பேரளவில் அழித்தோர் கணக்கிலிருந்து தப்ப, சிற்றளவில் வாழ்ந்தோர் மட்டும் காட்டின் பகைவராக நிறுத்தப்படுவது எவ்வகை நீதி?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலொடு வந்த பெருமழை இக்கேள்வியை மேலும் கூர்மையாக்கிற்று. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடெங்கும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். சரிவுகளில் வாழ்வது ஆபத்து என்று அதன் பின்னர் எழுந்த அறிவுரை சரியானதே. ஆயின் லயங்கள் எங்கே கட்டப்படல் வேண்டும் என்பதை அவற்றில் வாழ்ந்தோர் தீர்மானிக்கவில்லை. தேயிலைக்கு உதவாத இடம் எதுவோ அதுவே பெரும்பாலும் குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டது. சொந்தக் காணியில்லாதவனிடம் 'பாதுகாப்பான இடத்துக்குப் போ' என்பது, அவ்விடத்தை அவனுக்கு எழுதிக்கொடுக்கும்வரை, அறிவுரை ஆகாது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். பயணிகள் வருவதால் கடைக்காரனுக்கும் வண்டியோட்டிக்கும் விடுதிக்காரனுக்கும் வருவாய் உண்டன்றோ? உண்டு. இரத்தோட்டைக் கடைத்தெருவில் அவ்வருவாய் கண்கூடு. வந்து காண்பதை எதிர்ப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. காண வருபவன் அந்நிலத்தின் நீதிபதியாக மாறுவதே எதிர்க்கப்படுகின்றது. எங்கே விடுதி எழவேண்டும், எவ்வீதி அகலவேண்டும், எக்குடியிருப்பு அகற்றப்படவேண்டும் என்பவற்றில் முதற்சொல் அங்கு வாழும் சிங்களக் கிராமத்தவருக்கும் தமிழ்த் தொழிலாளருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் உரியது. அழகு விருந்தினர்க்குப் பொது. முடிவு குடிகளுக்கு உரித்து.

தமிழ் கற்றோர்க்கு இவ்வுண்மை புதியதாயிருத்தலாகாது. தொல்காப்பியம் வகுத்த திணைக் கோட்பாட்டில் நிலம் தனித்து நிற்பதில்லை. குறிஞ்சி என்றால் மலை மட்டுமன்று; அங்குள்ளோரின் தெய்வமும் உணவும் தொழிலும் பறையும் அதன் கருப்பொருளாகும். மாந்தரின்றி வரையப்பட்ட மலை தமிழ் மரபில் நிலமே ஆகாது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டபோது உண்டாவதே பாலை என்றும் அம்மரபு கூறும். வெறுமை ஒரு கேட்டின் விளைவு என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது. இவ்விலக்கணத்தைத் தேர்வுக்காக மனனம் செய்துவிட்டு, சுற்றுலாப் பேருந்தில் ஏறியதும் மலையை வெறும் நிலக்காட்சியாகப் பார்க்கும் மாணவன் எதனைக் கற்றான்?

இலக்கியம் தன் கடமையைச் செய்யாமலில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' தோட்ட மக்களின் வரலாற்றை நாவலாக்கிற்று. பழமொழியொன்றிலிருந்து எடுத்த அத்தலைப்பே பயணியின் கண்ணுக்குச் சொன்ன மறுமொழி எனலாம். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் முதலியோர் அம்மண்ணிலிருந்தே எழுதினர். குறை எழுதியவரிடத்தன்று, வாசியாதவரிடத்து. சமூகவியலும் புவியியலும் பொருளியலும் பயிலும் பல்கலைக்கழகத்தார், ரிவஸ்டன் உச்சிக்கு ஏறுமுன் இரத்தோட்டைத் தோட்டமொன்றின் லயத்து வாசலில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து கேட்டிருப்பின், ஆய்வேடுகள் பலவற்றின் முன்னுரையாவது வேறாக அமைந்திருக்கும்.

மலைக்குச் செல்க, அதன் அழகை வியக்க. ஆயின் மீண்டு வந்து 'அங்கு ஒருவரும் இல்லை' என்று மட்டும் கூறாதிருக்க. 1840இல் அச்சொல்லை ஓர் அரசு கூறிற்று. ஒரு மக்களினம் நிலமிழந்தது. 1948இல் வேறோர் அரசு வேறு சொற்களில் அதனையே கூறிற்று. மற்றொரு மக்களினம் நாடிழந்தது. படித்தவர் நாவில் அச்சொல் மூன்றாம் முறை பிறக்குமாயின், இழக்கப்படப்போவது எவருடைய கூரை என்பதை அதனைக் கூறுமுன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.