மார்ச் 31-இல் டாலருக்கு என்ன கணக்கு?

2025 டிசம்பரில் அமெரிக்க டாலரின் மதிப்பு 90 ரூபாயைத் தாண்டியபோது ஏற்றுமதி, இறக்குமதி, கச்சா எண்ணெய் குறித்தெல்லாம் விவாதித்தோம். வீட்டுக் கணக்கேட்டை நினைத்தவர்கள் குறைவு. வெளிநாட்டில் பல்லாண்டு பணியாற்றித் தாயகம் திரும்பி, அங்குள்ள வங்கிக் கணக்கைச் சட்டப்படியே தொடர்ந்து வைத்திருக்கும் குடும்பங்கள் தமிழகத்தில் ஏராளம். ஆண்டுக் கணக்கை முடித்துப் புதுக் கணக்கு தொடங்கும்போது அவை தடுமாறும் இடம் ஒன்று உண்டு.

2024 மார்ச் இறுதியில் ஒருவரிடம் 10,000 டாலர் இருந்தது என்று கொள்வோம். அப்போதைய விலை ஏறத்தாழ 83 ரூபாய் 37 காசு, ரூபாயில் 8,33,700. அக்டோபரில் மகளின் மேற்படிப்புக்காக 4,000 டாலரை 84 ரூபாய் விலையில் செலவெழுதுகிறார்: 3,36,000 ரூபாய். ஏட்டின்படி மீதி 4,97,700 ரூபாய். ஆனால், 2025 மார்ச் இறுதி விலையான 85 ரூபாய் 58 காசில், எஞ்சிய 6,000 டாலரின் மதிப்பு 5,13,480 ரூபாய். இடையில் நிற்கும் 15,780 ரூபாய் எங்கிருந்து வந்தது?

டாலர் ஒன்றுகூடப் பெருகவில்லை; ரூபாய்தான் மெலிந்தது. எனினும், ஏடு பொருந்த வேண்டும் என்பதற்காக அத்தொகையை 'இதர வரவு' என்று எழுதிவிடுவோர் உண்டு. செலவில் கழித்துவிடுவோரும் உண்டு. முன்னதில் ஈட்டாத வருமானம் ஏட்டில் ஏறுகிறது. பின்னதில் படிப்புச் செலவு குறைந்து தெரிகிறது. அடுத்த ஆண்டுக் கட்டணத்தையும் டாலரில்தான் செலுத்தியாக வேண்டும் என்னும்போது, சேமிப்பு வளர்ந்துவிட்டது என்ற மயக்கம் ஆபத்தானது. பத்தாயிரத்தில் ஆறாயிரமே மிச்சம் என்பதுதான் அக்குடும்பம் அறிய வேண்டிய செய்தி.

எனவே, ஒவ்வொரு நாணயத்தின் இருப்பையும் அந்த நாணயத்திலேயே முடிக்க வேண்டும். வங்கி அறிக்கையுடன் ஒத்துப்பார்க்க முடிவது அது மட்டுமே. ரூபாய் மதிப்பு, தேதியுடனும் விலையுடனும் அதன் பக்கத்தில் நிற்கட்டும். 15,780 ரூபாய்க்குச் 'செலாவணி வேறுபாடு' எனத் தனித் தலைப்பு வேண்டும். புதிய ஏட்டின் தொடக்க இருப்பு 6,000 டாலர். விலையும் அதே 85.58. ஏப்ரலில் சந்தை திறந்தபின் வரும் விலையைத் தொடக்க இருப்புக்குப் போட்டால், முடித்த ஏடும் திறந்த ஏடும் முதல் நாளே முரண்படும்.

இறுதி நாள் விலை எது என்பதிலும் சிறு சிக்கல் உண்டு. 2024-இல் புனித வெள்ளியும் வார இறுதியும் சேர்ந்து வந்தன. 2025-இல் வார இறுதியை அடுத்து ரம்ஜான் பெருநாள். இரண்டு ஆண்டுகளிலும் மார்ச் 28-இல் அறிவிக்கப்பட்ட விலையே கடைசி.

வரிக் கணக்கோ வேறு பாதையில் செல்கிறது. வெளிநாட்டு வருமானத்தை ரூபாயாக்கப் பாரத ஸ்டேட் வங்கியின் தந்தி மாற்றுக் கொள்முதல் விலையைக் கொள்ள வேண்டும். வைப்புத்தொகை வட்டிக்கு நிதியாண்டின் இறுதி நாள் விலை. பங்கு விற்ற ஆதாயத்துக்கு, விற்ற மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் விலை. வெளிநாட்டுச் சொத்து அட்டவணைக்கோ டிசம்பர் 31-இல் முடியும் ஆண்டு. பிற நாடுகள் தகவல்களை நாட்காட்டி ஆண்டுப்படி அனுப்புவதால் இந்தக் கடைசி ஏற்பாட்டுக்கு நியாயம் உண்டு. ஆனால், அட்டவணையைத் தவறாக நிரப்பினாலோ விட்டுவிட்டாலோ கருப்புப் பணச் சட்டத்தின்கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரக்கூடும். அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் விலக்கு அளித்திருப்பது வரவேற்கத்தக்கது. அதற்கு மேல் வைத்திருக்கும் ஓய்வூதியர், பழைய தேதிகளின் வங்கி விலைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. தேதியையும் நாணயத்தையும் இட்டால் விலை தானாக நிரம்பும்படி மின்னணுப் படிவத்தை அமைப்பது வரித் துறைக்குக் கடினமன்று. அதுவரை, டிசம்பர் 31 இருப்பையும் அன்றைய விலையையும் தனித்தாளில் குறித்து, மார்ச் ஏட்டுடன் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.