ஜாடியும் சீலும்

கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலில் அலோனிசோஸ் என்று ஒரு சின்னத் தீவு. அதை ஒட்டிய பெரிஸ்தெரா தீவுக்கு அருகே, 1985-ல் ஒரு மீனவர் கண்ணில் பட்டவை கடலடியில் குவிந்து கிடந்த மண் ஜாடிகள். ஆயிரக்கணக்கில்! கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஒயின் ஏற்றிவந்த கப்பல் அங்கே மூழ்கியிருக்கிறது. 2020 முதல், முக்குளிக்கத் தெரிந்தவர்கள் வழிகாட்டியுடன் இறங்கிப் பார்க்கலாம். ஒரு ஓட்டுத்துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது.

இதே கடலில்தான் துறவி சீல் என்ற பிராணியும் இருக்கிறது. ஒரு காலத்தில் மணற்கரையிலேயே குட்டி போட்டது. வலையைக் கிழிக்கிறது என்று மனிதர்கள் கொல்லக் கொல்ல, இருட்டுக் குகைகளுக்குள் போய் ஒளிந்து குட்டி போடப் பழகிவிட்டது. வலை கிழிந்தால் வீட்டில் உலை வைக்க முடியாதே; மீனவரையும் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1992-ல் இப்பகுதி கடல் தேசியப் பூங்கா ஆனது. சீல்கள் குட்டி போடும் பிபெரி தீவை சுற்றுலாப் படகுகள் நெருங்கவே கூடாது. கிரேக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத சில கரைகளில், இப்போது சீல்கள் மறுபடி வெயிலில் ஏறிப் படுக்கின்றன.