ஆப்பிரிக்கா ட்ரிப்: நைரோபி போங்க, ஆனா இஎம்ஐ போட்டுப் போகாதீங்க

இன்னிக்கு ஃபண்டும் இல்லை, பாலிசியும் இல்லை. எங்க வீட்டு விஷயம் ஒண்ணு.

எங்க மச்சானுக்கு ஊர் திருச்செங்கோடு பக்கம். அந்த ஊர் ரிக் வண்டிங்க இந்தியா முழுக்க மட்டுமில்ல, ஆப்பிரிக்காவிலயும் போர் போடுதுன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். மச்சானும் அப்படி ஆறு வருஷம் அங்க இருந்தவர்தான். "நைரோபி வழியா நாலு தடவை போய்ட்டு வந்திருக்கேன் மாப்ள. ஏர்போர்ட்டைத் தவிர ஒண்ணும் பாக்கல"ம்பார். சைட்டு, கேம்ப், மறுபடி சைட்டு. அக்கா அதுவும் பாக்கல.

இப்ப அக்கா பொண்ணு வேலைக்குப் போறா. அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போய் அந்த ஊரைக் காட்டணும்னு ஆசை. ஒரு ஏஜென்ட் ரெண்டு பேருக்கு 5 லட்சம்னு பேக்கேஜ் கொடுத்தார். வர்ற ஜூலையில நைரோபியும் மசாய் மாராவும். கையில பணம் இல்லைன்னா லோனும் ரெடியாம்.

கணக்கைப் பாருங்க. 5 லட்சம், 14 சதவீத வட்டி, மூணு வருஷம். மாசம் சுமார் 17,100 ரூபாய் இஎம்ஐ. மொத்தம் கட்டுறது 6 லட்சத்து 15 ஆயிரம். ஒரு வாரம் பாத்த சிங்கத்துக்கு மூணு வருஷம் தவணை. அக்காவோட நகைக் கடன் வேற இன்னும் முடியல.

அதனால போக வேண்டாம்னு சொல்ல வர்றேன்னு நினைக்காதீங்க. கண்டிப்பா போகணும். ஆனா ஊரையும் மாசத்தையும் பணம் சேர்க்கிற வழியையும் நாமதான் முடிவு பண்ணணும்.

முதல்ல மாசம். நம்ம ஊர்ல டூர்னா ஏப்ரல், மே லீவுதான். கென்யாவுல மார்ச்சுல இருந்து மே வரை பெருமழைக் காலம். ஜூலையில இருந்து அக்டோபர் வரை மாராவுல காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமா இடம் பெயரும், அப்ப எல்லாமே உச்ச விலை. மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். ஜனவரி, பிப்ரவரி மழை குறைஞ்ச மாசம். அதே சிங்கத்தைப் பாதி கட்டணத்துல பாக்கலாம்.

அடுத்து, முதல் ட்ரிப்புக்கு மாரா அவசியமே இல்லைங்கிறது என் கருத்து. நைரோபி நேஷனல் பார்க் சிட்டியை ஒட்டியே இருக்கு. 1946ல ஆரம்பிச்சது. சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பின்னாடி உயரமான கட்டடங்கள் தெரிய நடமாடும். அங்க யானை கிடையாது. அதுக்கு ஷெல்ட்ரிக் யானைக்குட்டி காப்பகம் இருக்கு. காலையில ஒரு மணி நேரம்தான் பார்வையாளர்களை விடுவாங்க, முன்னாடியே புக் பண்ணணும். ஜிராஃப் சென்டர், மியூசியம் சேர்த்தா அஞ்சு நாள் ஓடிடும். சாப்பாட்டுக்கும் பயம் வேண்டாம். ரயில் பாதை போடப் போன இந்தியர்கள் காலத்துல இருந்தே சப்பாத்தி அந்த ஊர் சாப்பாடு. ஊர் ஏற்காட்டை விட உயரம், அதனால ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.

பணம் ஒழுகுற இடங்களைச் சொல்லிடறேன்.

ஒண்ணு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யா போய்ட்டுத் திரும்புறவங்ககிட்ட இந்தியாவுல இறங்கும்போது சர்டிபிகேட் கேப்பாங்க. இல்லைன்னா ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். கிளம்புறதுக்குப் பத்து நாள் முன்னாடியாவது போடணும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். 60 வயசு தாண்டினவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் போடணும்.

ரெண்டு, கார்டு. சாதாரண கார்டுல 3.5 சதவீதம் ஃபாரெக்ஸ் மார்க்அப், அதுக்கு மேல ஜிஎஸ்டின்னா, லட்ச ரூபாய் தேய்ச்சா 4,130 ரூபாய் காலி. மார்க்அப் இல்லாத கார்டை முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க. கடையில "ரூபாயிலயா, ஷில்லிங்லயா"ன்னு மெஷின் கேட்டா ஷில்லிங்னே சொல்லுங்க.

மூணு, டிசிஎஸ். பேக்கேஜ் வாங்கினா பிடிப்பாங்க. இது செலவு இல்லை, வருமான வரி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். ஆனா ரிட்டர்னே போடாத ஆளுக்கு அது போன பணம்தான்.

நாலு, பிளாஸ்டிக் பை. கென்யாவுல 2017ல இருந்து தடை. முறுக்கும் தட்டுவடையும் துணிப்பையிலயோ டப்பாவுலயோ போகட்டும்.

விசா 2024 ஜனவரியோட போயிடுச்சு. இப்ப இடிஏன்னு ஆன்லைன் அனுமதி. அரசு தளத்துல நேரடியா போட்டா சில ஆயிரத்துல முடியும், ஏஜென்ட் தேவையில்லை.

கடைசியா எங்க பிளான். பொண்ணு இந்த ஜூலையில 15,000 ரூபாய்க்கு ஆர்டி ஆரம்பிக்கிறா. 18 மாசத்துல 2 லட்சத்து 70 ஆயிரம், வட்டி தனி. அதுக்கடுத்த ஜனவரியில பயணம். ரெண்டு பேருக்கு டிக்கெட், அஞ்சு நாள் ரூம், வண்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அதுக்குள்ள முடிக்கிற மாதிரிதான் போட்டிருக்கோம். மாரா பட்ஜெட்ல இல்லை.

இன்னும் தள்ளிப் போடலாமேன்னு அக்கா கேட்டாங்க. கூடாதுன்னுட்டேன். மச்சானுக்கு இப்ப 58. ஊசிக்கே டாக்டரைக் கேக்கற வயசுக்கு முன்னாடி போய்ட்டு வந்துடட்டும். கடன் வாங்கி அவசரமா போறது எவ்வளவு தப்போ, பணம் இருக்கும்போது முட்டி வலிக்கிற வரைக்கும் காத்திருக்கிறதும் அவ்வளவு தப்பு.

உங்க வீட்லயும் வெளிநாட்டுல உழைச்சுட்டு ஏர்போர்ட் மட்டும் பாத்துட்டு வந்தவங்க இருக்காங்களா? அவங்க பேர்ல ஒரு ஆர்டி இந்த மாசமே போடுங்க. எந்த ஊருக்குன்னு கமென்ட்ல சொல்லுங்க, கணக்கு போட்டு வீடியோல பாக்கலாம்.