ஆள்வோர் மொழியும் ஆளப்படுவோர் மொழியும்

ஒரு சட்டம் எவ்வளவு நேர்மையாக இயற்றப்பட்டிருப்பினும், அதற்குக் கீழ்ப்படிய வேண்டிய ஜனங்கள் அதனைக் கேட்டு அறிந்துகொள்ள இயலாதாயின், அவர்களுக்கு விளையும் பயன் யாது? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை பகர்ந்தவர் பெலிப்பே கரீயோ புவெர்ட்டோ என்பது நமது துணிபு.

மெக்ஸிகோ தேசத்தின் தென்கிழக்கிலுள்ள யூக்கத்தான் மாகாணத்தில், மொத்தூல் என்னும் ஊரில், 1874-ம் ஆண்டில் இவர் பிறந்தார். அக்காலத்தில் அம்மாகாணத்தின் செல்வம் பெரும்பாலும் கற்றாழை இனத்ததாகிய எனெக்கேன் என்னும் செடியின் நாரினின்றே வந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கதிர்க்கட்டுகளைக் கட்டுதற்கு அந்நார்க் கயிறு வேண்டப்பட்டது. பண்ணைகளிற் பாடுபட்ட மாயா குலத்து ஏழைகளோ தீராக் கடனாற் கட்டுண்டு கிடந்தனர். அவர்கள் பேசியது மாயா பாஷை. சட்டம் எழுதப்பட்டதோ ஸ்பானிஷ் பாஷையில்.

இளமையிலேயே மாயா பாஷையைப் பயின்ற கரீயோ, அரசியற் சட்டத்தை அதில் மொழிபெயர்த்து உழவர்க்கு வாசித்துக் காட்டினார். 1922-ம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி கவர்னர் பதவியேற்றபொழுதும் அப்பாஷையிலேயே ஜனங்களிடம் பேசினார். கிராமங்களுக்கு நிலம் பகிர்ந்தளித்தார். அவ்வாண்டிலேயே மெரிதா நகரில் சர்வகலாசாலை ஒன்றை நிறுவினார். 1923-ம் ஆண்டில் அம்மாகாணச் சட்டசபைக்குப் பெண்களும் தெரிந்தெடுக்கப்பட்டனர். மெக்ஸிகோ தேசம் முழுவதிலும் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1953-ம் ஆண்டிலேயாம்.

அவ்வாட்சி இரண்டாண்டும் நிறையவில்லை. 1923 டிசம்பரில் மூண்ட கலகத்திற் சேர்ந்த சேனையார் அவரைச் சிறைப்பிடித்து, 1924 ஜனவரி 3-ம் தேதி மெரிதா நகரக் கல்லறைத் தோட்டத்தில், அவர் சகோதரர் மூவரோடும் வேறு சிலரோடும் சுட்டுக் கொன்றனர்.

"உழவர் பாஷையைப் பேசியதனால் ஆயதென்ன? அவ்வுழவரால் அவரைக் காக்க முடிந்ததா?" என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. அவருடைய கட்சி உள்ளூர்த் தலைவர்களின் செல்வாக்கையே பெரிதும் நம்பியிருந்தது. ஆபத்து வந்தபொழுது உழவர் கையில் ஆயுதமுமில்லை. இக்குறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் துப்பாக்கிக்கு முன் நில்லாமையினாலேயே ஒரு செயல் வீணென்று கூறுவது அறமன்று. தன் உரிமை இன்னதென்று தன் சொந்தச் சொல்லிற் கேட்டறிந்தவன், மீண்டும் அறியாதவனாக ஆவதில்லை. பகிர்ந்த நிலத்தைப் பின்வருவோர் பறிக்கலாம். பெற்ற அறிவைப் பறித்தல் அரிது.

ஆதலின் ஆளும் பதவியை விரும்புவோர், ஜனங்களிடம் என்ன சொல்வது என்று ஆராயுமுன், அவர்களுக்கு விளங்கும் மொழியிற் சொல்லக் கற்றுக்கொள்வாராக. நல்லாட்சிக்கு அதுவே முதற் படியென்று நாம் கருதுகின்றோம்.